மைக் நிற்கும் இடம்

சங்கீதத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்றும் இல்லை. ராகம் கண்டுபிடிக்கத் தெரியாது. தாளம் போடுகிற கை பாதியில் நின்றுவிடும். கதை எழுதிப் பிழைக்கிறவன். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்காதவன். ஆனால் காது என்று ஒன்று இருக்கிறது. ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, 'நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஏதோ சரியில்லை' என்று தோன்றினால், அந்த 'ஏதோ' என்னவென்று விசாரிக்கிற உரிமை காது படைத்த எல்லோருக்கும் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

என் அண்ணன் மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருட்டு ஆலையில் ஷிஃப்டு வேலை பார்க்கிறான். வேலை இல்லாத நேரத்தில் டிரம் வாசிப்பான். அவனும் நண்பர்கள் நாலு பேருமாக ஒரு ராக் கோஷ்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு கிடார், ஒரு பேஸ் கிடார், ஒரு டிரம், ஒரு குரல். சென்ற வருஷம் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "சித்தப்பா, கேட்டுட்டு உள்ளதைச் சொல்லுங்க" என்று ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினான். ஆடி மாசத்தில் பெரியபாளையத்துக்கு நடந்து போகிற ஒரு தாயாரைப் பற்றிய பாட்டு. வழக்கமான வாத்தியங்களோடு அதில் பம்பையும் சேர்த்திருந்தார்கள்.

பம்பையை அவர்கள் சேர்த்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கோஷ்டியார் பறையையும் சட்டியையும் கிடாரோடு ஒரே மேடையில் ஏற்றிய பிறகு, வடசென்னையிலும் அதற்கு அப்பாலும் இருக்கிற பையன்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. நல்ல தைரியம்தான்.

பாட்டு எனக்குப் பிடித்தது. ரிக்கார்டு பிடிக்கவில்லை. எல்லாம் சுத்தமாகக் கேட்டது, அதுதான் குறை. ஐந்து பேரைத் தனித்தனியே பாஸ்போர்ட் படம் எடுத்து ஒரே அட்டையில் ஒட்டினால் அது குரூப் போட்டோ ஆகிவிடாது. ஒவ்வொரு வாத்தியமும் என் காதின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் காற்றே இல்லை. பம்பையோ, பிஸ்கட் தகரத்தை யாரோ தட்டுகிற மாதிரி இருந்தது. பெரியபாளையத்தில் பவானி அம்மன் சன்னிதித் தெருவில் பம்பை கேட்டவன் நான். வேப்பிலை கட்டிக்கொண்டு வருகிறவர்களின் கூட்டத்தில், ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் பம்பை வந்து வயிற்றில் தட்டும். அந்தத் தட்டு இதில் எங்கே போயிற்று?

இதைச் சொன்னேன். பையன் முகம் வாடிவிட்டது. "வந்து பாருங்க சித்தப்பா" என்றான். போனேன்.

ஸ்டூடியோ என்று அவர்கள் சொல்வது, ஜி.என்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஓர் ஆலைக்குப் பக்கத்தில் இருக்கிற கோடவுனில் தடுத்த ஓர் அறை. சுவரெல்லாம் பழைய மெத்தைப் பஞ்சு. அதை நடத்துகிற இளைஞரின் தகப்பனார் மைக்செட் வைத்திருந்தவராம். கல்யாண வீட்டு மாடியில் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். பிள்ளை அந்தத் தொழிலையே கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறார். கருவியில் ஒரே சமயத்தில் எட்டு மைக் வரை சொருகலாம்.

அந்த எட்டையும் டிரம்முக்கே வைத்துக் காட்டினார். காலால் உதைக்கிற பெரிய மேளத்தின் வயிற்றுக்குள் ஒன்று. ஸ்நேர் என்கிற, அடித்தோலில் கம்பிச்சரம் கட்டிய சின்ன மேளத்துக்கு மேலே இரண்டு விரற்கடையில் ஒன்று, கீழே ஒன்று. மேல் தோல் உள்ளே அமுங்குகிற அதே நொடியில் கீழ்த் தோல் வெளியே புடைக்கும். ஆகையால் இரண்டு மைக்கும் ஒன்றையொன்று எதிர்த்துக்கொள்ளும். ஒன்றின் மின்சாரத்தைத் தலைகீழாக மாற்றினால்தான் சேரும் என்று விளக்கினார். மற்ற மேளங்களுக்கு மூன்று. தாம்பாளங்களுக்குத் தலைக்கு மேல் இரண்டு.

கிடாருக்கு அதன் ஆம்பிளிஃபயர் பெட்டியின் ஸ்பீக்கர் துணியை உரசுகிற மாதிரி ஒரு மைக். 1965லிருந்து உலகத்தில் எல்லோரும் வைக்கிற ஷ்யூர் எஸ்.எம். 57தான். ஸ்பீக்கரின் நடுவுக்கு நேரே வைத்தால் சத்தம் கூர்மையாகக் குத்தும். ஓரத்துக்கு ஒரு அங்குலம் நகர்த்தினால் மழுங்கும். இதை அவர் நகர்த்திக் காட்டியபோது எனக்கு வாய் அடைத்துவிட்டது. கிடாரில் ஒரு திருகாணியையும் தொடாமல், வாசிக்கிறவனின் விரலையும் மாற்றாமல், மைக்கை ஓர் அங்குலம் தள்ளினதில் வேறொரு கிடார் வந்துவிட்டது. பேஸ் கிடாருக்கு மைக்கே கிடையாது. கம்பியை நேரே கருவியில் சொருகிவிட்டார்.

இப்படி ஒவ்வொருவரையும் தனித்தனியே, வெவ்வேறு நாளில், காதில் ஒரு தாளச் சத்தத்தை மாட்டி வாசிக்க வைத்துப் பிறகு சேர்த்திருக்கிறார்கள். ஐந்து பேரும் ஒரு தடவைகூட ஒரே அறையில் அந்தப் பாட்டை வாசிக்கவில்லை. பாஸ்போர்ட் படம் என்று நான் சொன்னது அப்படியே உண்மையாக இருந்தது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நல்லது. ஏனென்றால், இப்போது சம்பிரதாயம் என்று நினைத்துச் செய்கிற காரியம் ஒரு காலத்தில் விதியை மீறிச் செய்ததாக இருக்கிறது.

1902 நவம்பரில் கல்கத்தாவில் கெய்ஸ்பர்க் என்பவர் கௌஹர் ஜான் முதலியோரைப் பதிவு செய்தபோது மைக் கிடையாது. ஒரு கூம்பு வாய்க்குள் பாட வேண்டும். சத்தம் பெரிதான வாத்தியத்தைத் தள்ளி நிறுத்துவார்கள். சிறிதானதைக் கிட்டே இழுப்பார்கள். தூரம்தான் அளவுகோல். 1925இல் மின்சார முறையில் மைக் வந்த பிறகும் வெகுகாலம் இந்தத் தூரக் கணக்கு போகவில்லை. லண்டனில் இ.எம்.ஐ. ஸ்டூடியோவில், பெரிய மேளத்துக்கு இரண்டு அடிக்குள் மைக் போகக் கூடாது என்று சட்டமே இருந்தது. காற்று மோதி மைக் பழுதாகிவிடும் என்ற பயம். 1966இல் ஜெஃப் எமெரிக் என்ற இருபது வயதுப் பையன் பீட்டில்ஸ்காரர்களுக்காக அந்த மேளத்துக்குள் ஒரு கம்பளிச் சட்டையைத் திணித்து, மைக்கைக் கிட்டே கொண்டுபோய் வைத்துவிட்டான். மேலிடத்திலிருந்து அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. அந்தக் கோஷ்டிக்கு மட்டும் அனுமதி என்று. 'ரிவால்வர்' என்ற அந்த ரிக்கார்டைக் கேட்டால் அந்த மேளம் எப்படி நெஞ்சுக்கு நேரே நிற்கிறது என்று தெரியும். கிட்டே போவது அன்று ஒரு கண்டுபிடிப்பு.

ஆனால் கதை அங்கேயே நிற்கவில்லை. 1968இல் லெட் செப்பலின் கோஷ்டியின் முதல் ரிக்கார்டைப் பதிவு செய்த கிளின் ஜான்ஸ், டிரம்முக்கு நாலே மைக் வைக்கிற ஒரு வழியைப் பிரபலமாக்கினார். பெரிய மேளத்துக்கு ஒன்று, ஸ்நேருக்கு ஒன்று. மேலே ஒன்று, வாசிப்பவனின் வலது தோளுக்கு அப்பால் ஒன்று. மேலே இருப்பதும் பக்கத்தில் இருப்பதும் ஸ்நேரிலிருந்து சரிசமமான தூரத்தில் இருக்க வேண்டும். கயிறு பிடித்து அளக்க வேண்டும். காரணம் இதுதான். சத்தம் ஓர் அடி கடக்க ஏறக்குறைய ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒரே அடி ஒரு மைக்குக்கு முன்னாலும் மற்றதற்கு மூன்று பங்கு பின்னாலும் வந்து சேர்ந்தால், சில சுருதிகளில் ஒன்று ஏறுகிறபோது மற்றது இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். மேளம் சோகை பிடித்த மாதிரி ஆகிவிடும். மைக் கூடக் கூட இந்தத் தொல்லையும் கூடும். ஒரு மைக் தன் வாத்தியத்திலிருந்து ஓர் அடியில் இருந்தால் அடுத்த மைக் அதிலிருந்து மூன்று அடியாவது தள்ளி இருக்கட்டும் என்று பதிவுக்காரர்கள் சொல்கிற வழக்கும் இதனால்தான்.

கிளின் ஜான்ஸின் தம்பி ஆண்டி ஜான்ஸ் இன்னும் ஒரு படி போனார். 1971இல் வெளியான 'வென் தி லெவீ பிரேக்ஸ்' என்ற பாட்டுக்காக, ஹெட்லி கிரேஞ்ச் என்ற கிராமத்து வீட்டின் கூடத்தில் டிரம்மை வைத்து, மூன்று மாடி உயரத்துக்குப் போகிற படிக்கட்டின் மேலே இரண்டே மைக்கைத் தொங்கவிட்டார். சத்தத்தை அமுக்குகிற கருவியும் எதிரொலிக் கருவியும் அதில் சேர்ந்திருக்கின்றன என்பது உண்மை. என்றாலும் நாம் கேட்பது டிரம்மை மட்டும் அல்ல; டிரம் இருக்கிற அந்த வீட்டையும் கேட்கிறோம். எமெரிக் கிட்டே போனதும், ஆண்டி ஜான்ஸ் எட்டப் போனதும் எனக்கு ஒரே காரியமாகத்தான் படுகிறது. இரண்டு பேரும் முதலில் கேட்டார்கள். இந்தப் பாட்டுக்கு நான் எங்கே நின்று கேட்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பிறகு அங்கே மைக்கை நிறுத்தினார்கள்.

நம் ஊரிலும் இந்தத் தீர்மானம் இருந்தது. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மைக் இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசைக்குப் பாடிப் பழகியவர்கள். மைக் வந்தபின் பாட்டுக்காரனின் தொண்டையே மாறிவிட்டது. கோடம்பாக்கத்தில் சினிமாப் பாட்டுகளை வெகுகாலம் எல்லோரையும் ஒரே சமயத்தில் உட்காரவைத்துத்தான் எடுத்தார்கள். ஒருவர் பிசகினால் மறுபடியும் முதலிலிருந்து. வயலின்கள் இங்கே, தபேலா அங்கே, குரலுக்குத் தனிக் கண்ணாடி அறை என்று நாற்காலி போட்ட விதத்திலேயே பாட்டின் பாதி அமைந்துவிடும். பிறகு தனித்தனியாகப் பதிந்து சேர்ப்பது வசதியாயிற்று. அது கெட்ட வழி என்று நான் சொல்லவில்லை. 1989இல் தன் வீட்டுப் பின்புறம் ஸ்டூடியோ கட்டிக்கொண்ட ஏ.ஆர். ரகுமான் அந்த வழியில்தான் 'ரோஜா'வுக்கு வந்தார். அவருக்குத் தான் சேர்க்கப்போவது எந்த வெளி என்று தெரிந்திருந்தது. தெரியாதவர்கள் கையில் அதே வழி வெறும் ஒட்டுவேலை ஆகிவிடுகிறது.

என் குற்றச்சாட்டு இதுதான். எட்டு மைக்கை எட்டு வாத்திய முகத்தில் ஒட்டினால், அதைக் கேட்கிறவன் எட்டுக் காதுள்ளவனாக இருக்க வேண்டும். ஒவ்வொரு காதும் ஒவ்வொரு தோலில் ஒட்டியிருக்க வேண்டும். அப்படி ஒரு மனுஷன் கிடையாது. கதையில் இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். எல்லாப் பாத்திரங்களின் மனசுக்குள்ளும் ஒரே பக்கத்தில் புகுந்து எழுதிவிட்டு, வாசகனுக்கு நிற்க இடம் இல்லாமல் பண்ணியிருக்கிறேன்.

இதையெல்லாம் நான் ஸ்டூடியோக்காரரிடம் வீராவேசமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு மைக்கைக் கோடவுனின் மறுகோடியில் வைத்து, ஹெட்போனை என் காதில் மாட்டினார். பக்கத்து ஆலையில் கம்பி உருளுகிற ஓசை, ரோட்டில் லாரிகள், எங்கேயோ இரும்பு விழுகிற சத்தம்.

"சார், தூரமா வெச்சா பாட்டு கேக்காது, சிப்காட்தான் கேக்கும்" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. தூரத்துக்கு நிசப்தம் வேண்டும்; நிசப்தத்துக்குக் காசு வேண்டும். ஹாம்ப்ஷைரில் படிக்கட்டுக் கிடைத்தவர்கள் எட்டப் போகலாம். கும்மிடிப்பூண்டியில் இருப்பவன் மெத்தைப் பஞ்சுக்குள் ஒடுங்கிக்கொண்டு கிட்டேதான் போக முடியும். அந்த ஹெட்லி கிரேஞ்ச் 1795இல் ஏழைகளையும் அநாதைகளையும் அடைத்து வேலை வாங்குவதற்காகக் கட்டிய வீடு என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். ஏழைகள் போன பிறகுதான் அங்கே நிசப்தம் வந்திருக்க வேண்டும். விமர்சனம் எழுதுகிறவர்கள் இந்த மாதிரி விஷயங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் பம்பை விஷயத்தை நான் விடவில்லை. அதை வாசித்த பெரியவர் கவரைப்பேட்டைப் பக்கம். பையன்கள் அவரைத் தாத்தா என்று கூப்பிடுகிறார்கள். ரிக்கார்டைக் கேட்டபோது என்ன சொன்னார் என்று விசாரித்தேன். "நல்லாக்குது கண்ணு. ஆனா இது என்துதானா?" என்று கேட்டாராம். பையன்கள் சிரித்துவிட்டு விட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வாத்தியத்தை இனி ரிக்கார்டில் மட்டுமே கேட்கப்போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிஸ்கட் தகரம்தான் பம்பை என்று ஆகிவிடும். வாசித்தவரே தன்னுடையது இல்லை என்று சொல்கிற ஒரு சத்தத்தை அவர் பேரில் விட்டுவிட்டுப் போகலாமா?

தகரம் எப்படி வந்தது என்று ஸ்டூடியோக்காரரே யோசித்துச் சொன்னார். பம்பை என்பது ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிய இரண்டு மேளம். கீழே மரம், வீருவனம் என்பார்கள். மேலே வெண்கலப் பம்பை. இவர் மைக்கை வெண்கலத்தின் முகத்துக்கு இரண்டு விரற்கடையில் வைத்திருக்கிறார். ஒரு பக்கமாகக் கேட்கிற மைக்கை இப்படி ஒட்டிவைத்தால் அடிச்சுருதி இயல்புக்கு மேல் வீங்கிவிடும். வீக்கம் பிடிக்காமல் அடிச்சுருதியைத் திருகிக் குறைத்திருக்கிறார். கடைசியில் மிஞ்சியது குச்சி தோலில் படுகிற 'டக்' மட்டும். கீழே இருக்கிற மரத்தின் முனகல் மைக்குக்கு எட்டவே இல்லை. டிரம்முக்கு எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுக்க ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் புஸ்தகங்கள் இருக்கின்றன. பம்பைக்கு அப்படி ஒரு புஸ்தகத்தை அவர் பார்த்ததில்லை. டிரம்முக்குப் படித்ததைப் பம்பைக்கும் செய்துவிட்டார்.

பிறகு வழியும் அவரே சொன்னார். சிப்காட்டில் வருஷத்தில் ஒரு நாள் சுற்றுவட்டார மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்துவார்கள். ஆயுத பூஜை. அன்றைக்கு எடுத்துவிடலாம்.

பெரியவர் ஒப்பவில்லை. "மிஷினுக்குப் பூஜைன்னா பம்பைக்கும் பூஜைதானே? சாமிகிட்ட வெச்சத அன்னிக்குத் தொடமாட்டேன்" என்றார். அவர் சொன்னது நியாயம். கடைசியில் விஜயதசமி காலை என்று முடிவாயிற்று. பக்கத்து ஆலை பகல் ஷிஃப்டுக்குத்தான் திரும்ப ஓடும். விடியற்காலை ஐந்து மணியிலிருந்து மூன்று மணி நேரம்.

நானும் போயிருந்தேன். அறையை விட்டு வெளியே, காலிக் கோடவுனிலேயே எல்லோரும் உட்கார்ந்தார்கள். எட்டு மைக்கை மறுபடியும் பங்கிட்டார்கள். டிரம்முக்கு மூன்று, மேலே இருக்கிற இரண்டையும் சணல் கயிற்றால் அளந்து வைத்தார்கள். கிடார் பெட்டிகளுக்கு ஒவ்வொன்று. பெட்டிகளைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார்கள். பேஸுக்கு ஒரு சொருகல். பம்பைக்கு இரண்டு. குரலைப் பிறகு பாடிக்கொள்வது என்று ஏற்பாடு. பம்பைக்கு எங்கே வைப்பது? ஸ்டூடியோக்காரர் தன் மைக்குகளைக் கீழே வைத்துவிட்டு, பெரியவரை வாசிக்கச் சொல்லி, அவரைச் சுற்றி நடந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், ஒரு காதைப் பொத்திக்கொண்டார். ஐந்து அடி தள்ளி ஓர் இடத்தில் நின்று, "இங்க ரெண்டும் சேருது" என்றார். அவர் காது இருந்த உயரத்தில் ஒரு மைக் நின்றது. மற்றதைக் கோடவுனின் கோடியில், இருபத்தைந்து அடிக்கு அப்பால் வைத்தார்.

நாலு தடவை வாசித்தார்கள். எட்டு மணிக்கு முன்னாலேயே லாரி வர ஆரம்பித்துவிட்டது.

புது ரிக்கார்டைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட வேண்டும். குறைகள் இருக்கின்றன. கிடாரில் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்கிறது. அது எந்தப் பூஜைக்கும் நிற்பதில்லை. டிரம்முக்கு மேலே இருக்கிற மைக்கில் பம்பையும் விழுந்து, சில இடங்களில் எது எது என்று தெரியவில்லை. பின்னால் பாடிச் சேர்த்த குரல் இன்னும் அந்தக் கோடவுனுக்குள் வரவில்லை; வாசலில் செருப்போடு நிற்கிறது. மூன்றாவது சரணத்தில் ஒருவர் ஓடுகிறார், மற்றவர்கள் துரத்திப் பிடிக்கிறார்கள். ஆனால் துரத்திப் பிடிக்கிறார்கள் என்பது கேட்கிறது! பழைய ரிக்கார்டில் துரத்துவதற்கு ஆளே இல்லை. அதோடு, கடைசியில் டிரம் ஓய்ந்து பம்பை மட்டும் நிற்கிற எட்டு ஆவர்த்தனத்தில், பெரியபாளையத்துத் தெருமுனையில் எனக்குக் கேட்ட அந்தத் தட்டு முக்கால்வாசி வந்துவிட்டது. பேஸ் வாசிக்கிற பையனுக்கு இன்னும் பழைய ரிக்கார்டுதான் பிடித்திருக்கிறது. அதில் தன் விரல் சுத்தமாகக் கேட்கிறதாம். அவன் கட்சியிலும் நியாயம் உண்டு.

பெரியவருக்கும் போட்டுக் காட்டினார்கள். ஹெட்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழுசாகக் கேட்டார். கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"வெண்கலம் கேக்குது. கட்டை இன்னும் கொஞ்சம் பத்தலை" என்றார்.

ஸ்டூடியோக்காரர் நோட்டை எடுத்து, மைக்கின் உயரம் எவ்வளவு இருந்தது என்று பார்த்து, அரை அடி இறக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார். அடுத்த விஜயதசமிக்கு என்று தேதியும் போட்டார். என் அண்ணன் மகனுக்கு அன்று ராத்திரி ஷிஃப்டு. டிரம் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு அவன் முன்னாலேயே கிளம்பிவிட்டான்.